மேலத்தெரு வீடும் உங்கள் ஊர் வில்லங்கமும்

அன்புள்ள மகளுக்கு, அப்பா எழுதுவது. இங்கு அனைவரும் நலம். உன் நலம் அறிய ஆவல்.

சித்திரைக்குப் பிறகு நீ பேசவில்லை. வேலை அதிகமாக இருக்கும் என்று உன் அம்மா சொல்கிறாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன். ஃப்ளோரிடாவில் உங்கள் நகரம், பராமரிப்பின்றிக் கிடக்கும் வீடுகளின் மேல் அபராதத்துக்காகப் போட்டிருக்கும் வில்லங்கத்தைத் தள்ளுபடி செய்யலாமா என்று நகர மன்றத்துக்கு நீ குறிப்பு எழுத வேண்டியிருப்பதைச் சொல்லி, “32 வருடம் வரி வசூலித்தவர் நீங்கள், என்ன செய்வீர்கள்?” என்று கேட்டாய். அடுத்து நீ கேட்டதற்கு நான் பதில் சொல்லாமல் போனை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன். முதல் கேள்விக்காவது ஒழுங்காக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய, ஃப்ளோரிடா சட்டத்தின் 162ஆம் அத்தியாயத்தை அகராதியோடு இரண்டு முறை படித்தேன். முதல் மீறலுக்கு நாளொன்றுக்கு 250 டாலர் வரை, மறுபடி செய்தால் 500 டாலர் வரை அபராதம் போடலாம் என்றும், அந்த உத்தரவைப் பதிவு செய்துவிட்டால் அந்த இடத்தின் மேல் மட்டுமல்லாமல் உரிமையாளருடைய மற்றச் சொத்துகளின் மேலும் அது வில்லங்கமாகி 20 வருடம் வரை நிற்கும் என்றும் புரிந்துகொண்டேன். மூன்று மாதம் கட்டாவிட்டால் நகரம் வழக்குப் போட்டு ஏலத்துக்குக் கொண்டுபோகலாம், சொந்தக் குடியிருப்பை மட்டும் தொட முடியாது என்பதும் சரிதானே? 250 டாலர் ஒரே வருடத்தில் 91,250 டாலர் ஆகிறது. 2018இல் டனீடின் நகரத்தில், வெளியூர் போயிருந்த ஒருவருக்குப் புல் வளர்ந்த குற்றத்துக்காக நாளுக்கு 500 வீதம் ஏறக்குறைய 30,000 டாலர் ஏறியதாக நீ சொன்னபோது நான் சிரித்தேன். இப்போது சிரிப்பு வரவில்லை. அபராதம் வீட்டின் விலையைத் தாண்டிவிட்டால் வாங்க வருகிறவன் வில்லங்கத்தைப் பார்த்துத் திரும்பிப் போவான், உரிமையாளனும் எட்டிப் பார்க்க மாட்டான், நடுவில் கூரை இறங்கிக்கொண்டே இருக்கும். வசூலாகாது என்று தெரிந்த தொகையை ஆண்டுதோறும் பதிவேட்டில் அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோய், பெரிய நிலுவையாகக் கூட்டிக் காட்டுவதில் ஓர் அதிகாரிக்கு இருக்கும் அற்ப சுகம் எனக்குத் தெரியும். ஆகவே குறைப்பதில் தவறில்லை. ஆனால் வீடு சரியான பிறகுதான் குறைக்க வேண்டும்.

அதற்காக எல்லோருக்கும் ஒரே கணக்கைப் போட்டுவிடாதே. செத்துப்போன தகப்பனின் வீட்டோடு அபராதத்தையும் சேர்த்து வாரிசாகப் பெற்ற பிள்ளை வேறு. வில்லங்கத்தைக் காட்டி அடிமாட்டு விலைக்கு வாங்கிவிட்டு, அதே வில்லங்கத்தை எடுத்துவிடச் சொல்லி மன்றத்தில் வந்து நிற்கிறவன் வேறு. அவனுக்குக் கொடுப்பது தள்ளுபடி இல்லை, ஊரார் பணத்தில் லாபம். நகரம் ஆள் வைத்துப் புல் வெட்டியதற்கும் கதவுக்குப் பலகை அடித்ததற்கும் செலவழித்த காசில் ஒரு டாலரைக்கூட விடாதே. தள்ளுபடி வரப்போகிறது என்று வதந்தி கிளம்பிய அரையாண்டில் என் வார்டில் வசூல் படுத்துவிட்டது. வருடம் தவறாமல் முதல் ஆளாக வந்து கட்டும் தையல்காரர், “அப்போ நான்தான் ஏமாளியா சார்?” என்று கேட்டார். உங்கள் ஊரிலும் ஒரு தையல்காரர் இருப்பார். வீடு சரியாகட்டும், ஆய்வாளர் போய்ப் பார்க்கட்டும், பிறகு குறையுங்கள்.

பில் கலெக்டராகச் சேர்ந்தவனின் மகள் ஒரு நகரத்துக்கே குறிப்பு எழுதுகிறாள் என்று டீக்கடையில் பெருமையாகச் சொன்னேன். எப்போது வருகிறாள் என்று கேட்டார்கள். நீ சொல்லியிருந்தால் நானும் சொல்லியிருப்பேன்.

நீ இரண்டாவதாகக் கேட்டது மேலத்தெரு வீட்டைப் பற்றி. பாட்டி போன பிறகு அதைப் பூட்டியதும், சித்தப்பாவுக்கும் எனக்கும் பேச்சு நின்றதும், ஐப்பசி மழையில் கேணிப் பக்கத்துச் சுவர் அடுத்த வீட்டு அடுப்படிமேல் விழுந்ததும் உனக்குத் தெரியும். மழைதான் காரணம் என்று உன்னிடம் சொல்லியிருந்தேன். அந்தச் சுவர் இடியும் நிலையில் இருப்பதாக எங்கள் நகராட்சியிலிருந்தே மூன்று நோட்டீஸ் வந்திருந்தது. மூன்றையும் கொண்டுவந்தவர் எனக்குக் கீழே வேலை பார்த்தவர். “பார்த்துக்கலாம் சார்” என்று என் மேஜையிலேயே வைத்துவிட்டுப் போனார், நான் இழுப்பறையில் போட்டு மூடினேன். 11 அரையாண்டு வரியும் அப்படித்தான் நின்றது. அந்த வருடங்களில்தான் நான் தண்டோரா போட்டு மற்றவர்கள் வாசலில் ஜப்தி நோட்டீஸ் ஒட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மன்றமும் தள்ளுபடி தரவில்லை, சட்டமும் தரவில்லை. நானே எனக்குக் கொடுத்துக்கொண்டேன். கையில் பணம் இல்லாமல் இல்லை. சித்தப்பா பாதி கொடுக்காமல் நான் ஏன் கட்ட வேண்டும் என்ற வீம்புதான். அடுத்த வீட்டு அக்கா அந்த நேரம் கொல்லைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். ஓடு மாற்றிக் கொடுத்தேனே தவிர, நோட்டீஸ் வந்த கதையை இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

உன் குறிப்பில் இன்னொன்றையும் சேர்த்துக்கொள். யாருக்கு, எவ்வளவு, எதற்காகக் குறைத்தீர்கள் என்பதை மன்றத்தில் எல்லோர் முன்னாலும் படிக்க வேண்டும். அடுத்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேட்காமல் எதையும் குறைக்கக் கூடாது.

திங்கட்கிழமை நகராட்சிக்குப் போய், நிலுவையைத் தள்ளுபடி எதுவும் கேட்காமல் கட்டப் போகிறேன். சுவரை எடுத்துக் கட்டச் சித்தப்பாவின் சம்மதம் வேண்டும். நான் போய்க் கேட்டால் கொடுக்க மாட்டான், நீ பேசினால் கொடுப்பான். அவன் எண் மாறிவிட்டது, அம்மாவிடம் இருக்கிறது. ஞாயிறு காலையில் நாங்கள் இருவரும் வீட்டில்தான் இருப்போம்.

அன்புடன்,
அப்பா