உன் பதினாறு வயது பைலட்டுக்கு ஒரு செக்லிஸ்ட்

அன்புள்ள தம்பி,

ராட்சத ரோபோவுக்குள் ஏறி அதை ஓட்டும் பெண்ணைப் பற்றிய உன் கதையை இரண்டு முறை படித்துவிட்டேன், இரண்டாவது முறை கையில் பென்சிலோடு. "அவள் ரொம்பப் பொறுப்பானவள்" என்று ஏழு இடத்தில் வருகிறது. கமாண்டர் சொல்கிறார், அம்மா சொல்கிறார், ஒரு இடத்தில் ரோபோவே சொல்கிறது! ஆனால் அவள் செய்வதென்ன? சைரன் அடித்ததும் ஓடுகிறாள், ஏணியில் தாவுகிறாள், பொத்தானை அழுத்திக் கிளம்பிவிடுகிறாள். பைக்கை எடுக்கும் முன் டயரில் காற்று இருக்கிறதா என்று ஒரு பார்வை பார்ப்போமே, அதுகூட இல்லை.

நிஜமாக நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1935 அக்டோபர் 30, அமெரிக்காவின் ரைட் ஃபீல்ட் விமானத் தளம். போயிங் மாடல் 299 என்ற நான்கு எஞ்சின் குண்டுவீச்சு விமானம் சோதனைக்குக் கிளம்பியது. ஓட்டியவர் ராணுவத்தின் தேர்ந்த சோதனை விமானி. தரையை விட்டு எழும்பிய விமானம் மூக்கைச் செங்குத்தாகத் தூக்கி, அப்படியே சரிந்து விழுந்து எரிந்தது. இரண்டு பேர் இறந்தார்கள். இயந்திரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. தரையில் நிற்கும்போது காற்றில் வால் தகடுகள் ஆடாமலிருக்கப் போட்ட பூட்டை விடுவிக்க மறந்துவிட்டார்கள், அவ்வளவுதான். பைலட்டுகள் செக்லிஸ்டை, அதாவது ஒவ்வொன்றாகச் சரிபார்க்க வேண்டியவற்றின் பட்டியலை, கையில் வைத்துக்கொள்ளும் பழக்கம் அந்த விபத்துக்கு அப்புறம்தான் வேரூன்றியது. அவ்வளவு கெட்டிக்காரருக்கே மறந்தது என்றால் உன் பெண் எம்மாத்திரம்?

இன்றும் நிறுத்தி வைத்த விமானங்களில் பூட்டுக் கம்பிகள் செருகியிருக்கும். ஒவ்வொன்றிலும் "பறக்கும் முன் எடுக்கவும்" என்று எழுதிய சிவப்பு நாடா தொங்கும். உன் ரோபோவுக்கும் கொடு. முழங்கால், இடுப்பு, தோள், பக்கத்துக்கு ஒன்றாக ஆறு. சைரன் அலறுகிறது. அவள் குனிந்து வலது முழங்கால் கம்பியை உருவி, நாடாவைச் சுருட்டிப் பையில் திணிக்கிறாள். கணுக்கால் இணைப்பில் எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவி, அந்த விரலை விளக்கில் பிடித்துப் பார்க்கிறாள். மேலேயிருந்து ஒருவன் "சீக்கிரம் ஏறு!" என்று கத்துகிறான். அவள் அடுத்த காலுக்குப் போகிறாள். இப்படி அரைப் பக்கம் எழுதினால் அந்த ஏழு இடத்தையும் அடித்துவிடலாம்.

அப்புறம் அந்த ஓட்டம். 18 மீட்டர் ரோபோ கடைத்தெருவில் ஓடுகிறது. மனிதனைப் போலப் பத்து மடங்கு உயரம் என்றால் எடை ஆயிரம் மடங்கு, பாதத்தின் பரப்போ நூறு மடங்குதான்; அதாவது பாதத்தில் விழும் அழுத்தம் பத்து மடங்கு. ஜப்பானின் யோகோஹாமாவில் 2020 டிசம்பரிலிருந்து 2024 மார்ச் வரை இருந்த 18 மீட்டர் கன்டம் (கார்ட்டூன் தொடரில் வரும் ரோபோ) மாதிரி கையைக் காலை அசைத்தது, ஆனால் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்திருந்தது. சரி, உன் கதையில் ஓடட்டும், நான் கணக்கு வாத்தியார் இல்லை. ஆனால் காலை எங்கே வைக்கிறோம் என்று அவள் பார்க்க வேண்டாமா? கீழே ஒரு பஸ் நிற்கிறது. காலி என்றுதான் தெரிகிறது. தூக்கிய காலை அப்படியே நிறுத்தி, ஜன்னல் ஜன்னலாக அவள் பார்க்கும் அந்த நாலு வினாடிக்காக நான் மொத்தச் சண்டையையும் விட்டுக்கொடுப்பேன்.

நிலா அத்தியாயத்தில் ஒரு சின்னத் திருத்தம்: நிலாவில் இருக்கும் ரோபோவைப் பூமியிலிருந்து ஓட்டினால் கட்டளை போய்ப் பதில் வர இரண்டரை வினாடிக்கு மேல் ஆகும். சட்டென்று எட்டிப் பிடிக்கும் காட்சி நடக்காது.

ஐந்தாம் அத்தியாயம்தான் எனக்கு உறுத்துகிறது. இரண்டு இரவு தூங்காமல் அவள் போருக்குப் போக, கமாண்டர் தட்டிக்கொடுக்கிறார். நிஜ பைலட்டுகளுக்கு உடம்பு சரியில்லையா, மருந்து சாப்பிட்டேனா, தூங்கினேனா என்று தன்னையே கேட்டுக்கொள்ளவும் ஒரு செக்லிஸ்ட் உண்டு. பதினாறு வயதில், எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, "இன்றைக்கு என்னால் ஓட்ட முடியாது சார்" என்று சொல்வது எந்த ராட்சசனோடு மோதுவதையும்விடக் கஷ்டம். அவளைச் சொல்ல வை. கமாண்டர் கோபப்படட்டும்.

முதலில் மூன்றாம் அத்தியாயத்தை மட்டும் மாற்று. ஏணியில் ஏறும் முன் அவள் பைக்குள் கைவிட்டு நாடாக்களை எண்ணுகிறாள். ஐந்து. மறுபடி எண்ணுகிறாள். ஐந்துதான். சைரன் நிற்கவில்லை. அங்கிருந்து எழுதி அனுப்பு.

அன்புடன்,
அண்ணன்