வெளிநாட்டு மலைக்குப் புறப்படும் சேலத்துக்காரர்களுக்கு

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். வெளிநாடு போய்வந்தவர்கள் தங்களுக்குப் பிடித்த இடம், பிடிக்காத இடம் என்று உங்கள் பயணப் பக்கத்தில் எழுதுவதைத் தொடர்ந்து படிக்கிறேன். இலங்கையின் நுவரெலியாவை ஒருவர் சொர்க்கம் என்கிறார். இன்னொருவர் மழையில் அறையை விட்டு வெளியே வரவே முடியவில்லை என்கிறார். இரண்டுமே உண்மையாக இருக்கும். எந்த மாதம் போனார்கள் என்பதுதான் இரண்டிலும் இல்லை. இனி வரும் கடிதங்களில் போன மாதத்தையும் கேட்டு வாங்கிப் போடுங்கள். சேலம், நாமக்கல் பக்கத்திலிருந்து குழுக்களை அனுப்பிவைக்கும் தொழிலில் இருப்பதால், மலையூர்களைப் பற்றி மட்டும் கொஞ்சம் விவரமாக எழுதுகிறேன்.

நம் குடும்பங்கள் கிளம்புவது பள்ளி விடுமுறையை வைத்து. பெரும்பாலும் முழுப்பரீட்சை முடிந்து மே மாதம், விட்டால் அரைப்பரீட்சை முடிந்து டிசம்பர் கடைசி. மே மாதம் சேலத்து வெயிலுக்குப் பயந்து மலையைத் தேடுகிறோம். அதே மாதம் இலங்கை மலையகத்தில் தென்மேற்குப் பருவமழை இறங்குகிறது. வியட்நாமின் தா லாத்தில் மழைக்காலம் தொடங்குகிறது. சுவிட்சர்லாந்தில் குளிர்காலக் கூட்டம் முடிந்து கோடைக்கூட்டம் வருவதற்குள் பல கேபிள் கார்களைப் பராமரிப்புக்காக நிறுத்திவிடுகிறார்கள். பணம் கட்டும்போது இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

இன்னொன்று, நமக்கு ஏற்காடு இருக்கிறது. இருபது கொண்டை ஊசி வளைவு ஏறினால் 1,515 மீட்டரில் ஏரி, படகு, பூங்கா, பகோடா முனை, சில்வர் ஓக் மரத்தில் மிளகுக்கொடி, அதன் நிழலில் காபி என்று எல்லாம் உண்டு. தா லாத் ஏறக்குறைய அதே உயரம். மலேசியாவின் கேமரன் மலையில் தானா ராத்தா ஊர் அதைவிடச் சற்றுத் தாழ்வு. அங்கெல்லாம் போயும் ஏரியில் படகு விட்டு, பூந்தோட்டத்தில் படம் எடுத்துக்கொண்டு திரும்பினால் ஏற்காட்டையே பல மடங்கு விலைக்குப் பார்த்ததாகத்தான் ஆகும். ஏற்காட்டில் கிடைக்காதது அங்கே என்ன இருக்கிறது என்று பார்த்துத் திட்டம் போட வேண்டும்.

என் கணக்கில் நுவரெலியாவுக்குத்தான் முதலிடம். போக வேண்டியது ஜனவரி முதல் மார்ச் வரை. பொங்கலுக்குச் சேர்ந்தாற்போல் வரும் விடுமுறையே போதும், திருச்சியிலிருந்து கொழும்பு கிட்டத்தில்தான் இருக்கிறது. ஏப்ரலில் புத்தாண்டை ஒட்டி அங்கே உள்ளூர்க்காரர்களின் சீசன். அறை வாடகை ஏறிவிடும், ஊருக்குள் வண்டி நகராது. கிரெகரி ஏரியில் நேரம் செலவழிக்க வேண்டாம். ஊரிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் இருக்கும் ஹோர்ட்டன் சமவெளிக்கு ஒரு காலைப்பொழுதை முழுதாக ஒதுக்குங்கள். 2,100 மீட்டருக்கு மேல் புல்வெளியும் குட்டை மரக்காடும் மாறி மாறி வரும் அந்த நிலம் நம் ஏற்காட்டுச் சேர்வராயன் மலையில் எங்கும் இல்லை. சுற்றுப்பாதை சுமார் 9 கிலோமீட்டர், நடந்தே தீர வேண்டும், மூன்று மணி நேரம் பிடிக்கும். நடுவில் 'உலக முடிவு' என்னும் செங்குத்துப் பள்ளம் ஏறத்தாழ 870 மீட்டர் இறங்குகிறது. ஒன்பது, பத்து மணிக்குமேல் கீழிருந்து மூடுபனி ஏறிவந்து பள்ளத்தை நிரப்பிவிடும். அப்புறம் அங்கே நிற்பவருக்குத் தெரிவது வெள்ளைச் சுவர்தான். ஆகவே விடுதியில் காலைச் சாப்பாட்டை முடித்துவிட்டுக் கிளம்புகிற குழுவுக்குக் காட்சி கிடைக்காது. ஐந்து மணிக்கே வண்டி ஏறி, ஆறு மணிக்கு வாசல் திறக்கும்போது அங்கே இருக்க வேண்டும்.

வாசலில் பையைத் திறந்து பார்ப்பார்கள். தண்ணீர் பாட்டிலின் மேல் சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் லேபிளைக்கூட உரித்து எடுத்துக்கொண்டுதான் உள்ளே விடுவார்கள். பிஸ்கட்டை உறையிலிருந்து காகிதத்துக்கு மாற்றச் சொல்வார்கள். புளிசாதத்தை எவர்சில்வர் டப்பாவில் கட்டிக்கொண்டு போனால் இந்தத் தொல்லையே இல்லை. ஜனவரியில் விடியற்காலை உறைபனி விழுகிற இடம் அது. குரங்குக் குல்லாயும் அடி வழுக்காத ஷூவும் அவசியம். வெளிநாட்டவருக்கு நுழைவுக்கட்டணம் அதிகம், அதைத் தனியாக எடுத்துவையுங்கள். முழங்கால் வலி உள்ள பெரியவர்களை வற்புறுத்தி நடக்கவைக்க வேண்டாம். அவர்களை சீதா எலியக் கோயிலுக்கும் ஹக்கல தாவரவியல் பூங்காவுக்கும் அனுப்பலாம்.

கேமரன் மலையைப் பற்றி இரண்டு விதமான கடிதங்களும் வரும். காரணம் கிழமை. சனி, ஞாயிறு, மலேசியப் பள்ளி விடுமுறை நாட்களில் பிரிஞ்சாங்கிலிருந்து கீ பார்ம் சந்தை வரைக்கும் சாலை அடைத்துக்கொள்ளும். சில கிலோமீட்டர் போக மணிக்கணக்காகும். திங்கட்கிழமை போனால் கூட்டம் இருக்காது, ஆனால் 'போ' (BOH) என்னும் தேயிலைத் தோட்டத்தின் சுங்கை பாலாஸ் மையம் அன்று மூடியிருக்கும். எனவே செவ்வாய் முதல் வியாழன் வரை வைத்துக்கொள்ளுங்கள். வண்டியில் வாந்தி எடுக்கும் பிள்ளைகள் இருந்தால் தாப்பா வழியைத் தவிர்த்து சிம்பாங் பூலாய் வழியாக ஏறச் சொல்லுங்கள், வளைவு குறைவு, சாலை அகலம். பிளாஸ்டிக் கூரைக்குக் கீழே இருக்கும் ஸ்ட்ராபெர்ரித் தோட்டங்களை விட்டுவிடலாம். பார்க்க வேண்டியது பிரிஞ்சாங் சிகரத்தை ஒட்டிய பாசிக்காடு. சுமார் 2,000 மீட்டர் உயரத்தில் கிளை, வேர் எல்லாம் பாசி போர்த்த காடு அது. மரப்பாதையை அவ்வப்போது மூடுவார்கள் என்பதால் முதல் நாளே விசாரித்துவிட்டு ஜீப் பேசுங்கள். சாப்பாட்டுக்குக் கவலையில்லை, தானா ராத்தாவில் தமிழர் கடைகளில் வாழையிலைச் சாப்பாடே கிடைக்கும். மலேசிய வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்ப வேண்டும்.

மலேசியாவின் இன்னொரு மலையான கெந்திங்கில் இரவு தங்காதீர்கள். மேகத்துக்குள் சூதாட்ட விடுதியும் கடைவீதியும்தான். கேபிள் காரில் ஏறி இறங்க அரை நாள் போதும்.

தா லாத், டிசம்பர் விடுமுறைக்குப் பொருத்தம். வறண்ட குளிர், மழை கிடையாது. காபி விவசாயம் தெரிந்த ஏற்காட்டுக்காரர்கள் ஊருக்கு வெளியே காவ் தாத் பக்கம் அராபிகா தோட்டங்களைக் கட்டாயம் பார்க்க வேண்டும், பழம் பறிக்கும் பருவமும் அதுவே. 1938இல் கட்டிய ரயில் நிலையத்திலிருந்து திராய் மாத் வரை 7 கிலோமீட்டர் ரயிலில் போய், உடைந்த பீங்கான் துண்டுகளால் இழைத்த புத்த கோயிலையும் பார்த்துவரலாம். சைவம் உண்பவர்கள் 'சாய்' (chay, சைவம்) என்று பலகை வைத்த கடைகளுக்குப் போங்கள், மற்ற இடங்களில் காய்கறியிலும் மீன் சாறு ஊற்றுவார்கள். ஸ்கூட்டர் வாடகைக்கு எடுப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. நம் ஆர்.டி.ஓ. அலுவலகம் தரும் சர்வதேச ஓட்டுநர் அனுமதி 1949ஆம் ஆண்டு ஜெனீவா உடன்படிக்கைப்படியானது. வியட்நாம் ஏற்பது 1968ஆம் ஆண்டு வியன்னா உடன்படிக்கையை. விபத்து நடந்தால் உரிமம் இல்லாமல் ஓட்டியதாகச் சொல்லிக் காப்பீடு கையை விரித்துவிடும். ஓட்டுநரோடு காரே எடுங்கள். மின்விசா விண்ணப்பத்தில் பெயரை பாஸ்போர்ட்டின் அடியில் இருக்கும் இரண்டு வரி எழுத்துகளில் உள்ளபடியே எழுதுங்கள். இனிஷியல் விரிக்காத பெயர், குடும்பப் பெயர்க் கட்டம் காலியான பாஸ்போர்ட் நம்மிடம் அதிகம். ஒரு சொல் மாறினாலும் 25 டாலர் திரும்ப வராது.

தாய்லாந்தின் சியாங் மாயும் டிசம்பரில் அருமை. பிப்ரவரிக் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வயல் தாளையும் காட்டையும் எரிக்கும் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கிவிடும். ஆஸ்துமா உள்ளவர்களும் கைக்குழந்தைகளும் அப்போது அந்தப் பக்கமே போகக் கூடாது.

அப்படியானால் மே மாதம் எங்கே போவது? பாலித்தீவுதான் என் பதில். அங்கே ஏப்ரல் முடிவதற்குள் மழை பெரும்பாலும் குறைந்துவிடும். கடற்கரையில் முழு நாட்களையும் கழிக்காமல் பெடுகுல், முண்டுக் மலைப்பக்கம் இரண்டு இரவு தங்குங்கள். பிராத்தான் ஏரிக்கரைக் கோயிலை எட்டு மணிக்குள் பார்த்துவிட்டால் பேருந்துக் கூட்டத்துக்கு முன்னால் நிம்மதியாகக் கும்பிடலாம். இறங்கியதும் விசாவுக்கு 5,00,000 ரூபியா, தீவு வரியாக 1,50,000 ரூபியா. வரியை இணையத்திலேயே கட்டிவிடலாம். கிந்தாமணியில் எரிமலையைக் காட்டி விலை சொல்லும் பெரிய பஃபே உணவகங்களுக்குள் போகாதீர்கள், அதே காட்சி சாலையோரக் கடையிலிருந்தும் தெரியும். புனுகுப்பூனை தின்று கழித்த கொட்டையில் போடும் காபி என்று பாலியிலும் தா லாத்திலும் அழைத்துப்போவார்கள். இரவில் காட்டில் திரிய வேண்டிய உயிரைச் சின்னக் கூண்டில் அடைத்துப் பழம் தின்னவைக்கிறார்கள். அதற்குக் காசு கொடுக்கக் கூடாது என்பதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை.

கடைசியாக, வீட்டில் அரைத்த குருமாப் பொடி. அதில் கசகசா சேர்ந்திருந்தால் எடுத்துப்போகாதீர்கள். சிங்கப்பூரில் முன் அனுமதியில்லாமல் கசகசா கொண்டுபோகக் கூடாது, வளைகுடா நாடுகளில் அது போதைப்பொருள் வழக்காகும். பாலிக்கோ மலேசியாவுக்கோ சிங்கப்பூர் வழியாகப் போய், நடுவில் ஊர் சுற்றிப் பார்க்க வெளியே இறங்குகிறவர்கள் நம்மில் நிறைய. கசகசா சேர்க்காமல் பயணத்துக்கென்று தனியாக அரைத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
பயண ஏற்பாட்டாளர் ஒருவர்,
அஸ்தம்பட்டி, சேலம்