நிரந்தர உரிமை என்று விற்றுவிட்டு 30 ஆண்டுக் குத்தகை தந்தது குறித்த புகார்

பெறுநர்:
வாடிக்கையாளர் சேவை மேலாளர்,
வெளிநாட்டுச் சொத்து விற்பனைப் பிரிவு.

பொருள்: தாய்லாந்தின் பூக்கெட் தீவில், பாத்தோங்கில் முன்பதிவு செய்த கொண்டோமினியம் (தனியார் அடுக்குமாடி) வீட்டுக்காகச் செலுத்திய 42,600 சிங்கப்பூர் வெள்ளியைத் திரும்பக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா / அம்மையீர்,

சென்ற நவம்பர் மாதம் ஆர்ச்சர்ட் சாலையிலுள்ள ஒரு ஹோட்டலில் நீங்கள் நடத்திய விற்பனை நிகழ்ச்சியில், நானும் என் கணவரும் மேற்கண்ட வீட்டுக்கு 5,000 வெள்ளி முன்பணம் கட்டினோம். எஞ்சிய 37,600 வெள்ளியை உங்கள் நிறுவனம் தந்த தவணை அட்டவணைப்படி ஏப்ரல் மாதத்துக்குள் செலுத்திவிட்டோம். ஓய்வுக்காலச் சேமிப்பான மத்திய சேம நிதிப் பணத்தை வெளிநாட்டு வீட்டுக்குப் பயன்படுத்த முடியாது என்பதால், இத்தொகை முழுவதும் என் கணவர் கப்பல் பட்டறையில் உழைத்த காலத்தில் சேர்த்த ரொக்கம்.

அன்று எங்களை அழைத்துச் சென்று விளக்கிய உங்கள் முகவர் தமிழர். நீல நிறத்தில் கடல் ஊற்றி, விரல் உயரத் தென்னை மரங்கள் நட்ட மாதிரிக் கட்டடத்தின் ஆறாவது மாடியைப் பேனாவால் தொட்டுக்காட்டி, "அக்கா, இது ஃப்ரீஹோல்ட், உங்க பேரப்பிள்ளைங்க காலம் வரைக்கும் உங்களுதுதான்" என்று அவர் சொன்னார். விளம்பர ஏட்டின் நான்காம் பக்கத்திலும் "ஃப்ரீஹோல்ட்", அதாவது நிரந்தர உரிமை, என்ற அதே சொல்தான் அச்சிடப்பட்டுள்ளது. நாங்கள் ஈசூனில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் வசிக்கிறோம். 99 ஆண்டுக் குத்தகையில் எத்தனை ஆண்டு கழிந்தது, எத்தனை மிச்சம் என்று கணக்குப் பார்த்தே பழகிய எங்களுக்குக் குத்தகை என்றால் என்னவென்று யாரும் விளக்க வேண்டியதில்லை. மகளுக்கு விட்டுச்செல்ல ஒன்றாவது நிரந்தர உரிமையாக இருக்கட்டும் என்பதுதான் கடல் கடந்து வீடு தேடியதற்கே காரணம்.

தாய்லாந்தில் வெளிநாட்டவர் தம் பெயரில் நிலம் வாங்குவது எளிதன்று என்பதும், ஆனால் கொண்டோமினியம் சட்டப்படி ஒரு கட்டடத்திலுள்ள வீடுகளின் மொத்தப் பரப்பில் 49 விழுக்காடு வரை அவர்கள் பெயரிலேயே பதிவு செய்யலாம் என்பதும் உங்கள் முகவர் சொல்லித்தான் எங்களுக்குத் தெரியும். அந்த ஒதுக்கீட்டில்தான் எங்கள் வீடும் வருகிறது என்றார் அவர். அப்படிப் பதிவு செய்ய, பணம் வெளிநாட்டு நாணயமாகவே தாய்லாந்துக்குள் வந்தது என்பதற்கு அங்குள்ள வங்கியின் சான்று வேண்டும் என்று படித்து, பிப்ரவரியில் அதைப் பற்றி நான் மின்னஞ்சலில் கேட்டேன். "உங்கள் யூனிட்டுக்கு அந்தச் சான்று தேவையில்லை" என்று ஒரே வரியில் பதில் வந்தது. வேலை ஒன்று குறைந்தது என்று அன்று மகிழ்ந்ததை இப்போது நினைத்தால் எனக்கே வெட்கமாக இருக்கிறது.

ஜூன் மாதம் இடத்தை நேரில் பார்க்கப் போனோம். பருவமழை, கடற்கரை நெடுகச் சிவப்புக் கொடி. அதைப் பற்றி எனக்குப் புகார் இல்லை, மழைக்கு உங்கள் நிறுவனம் பொறுப்பாகாது. ஆனால் தாய்லாந்து மொழியில் இருந்த ஒப்பந்தத்தை அங்குள்ள வழக்கறிஞர் ஒருவரிடம் காட்டியபோது, அவர் முதல் பக்கத்தைக்கூட முழுதாகப் படித்து முடிக்காமல், இது விற்பனை ஒப்பந்தம் அன்று, 30 ஆண்டுக் குத்தகை ஒப்பந்தம் என்று சொல்லிவிட்டார். வெளிநாட்டவருக்கான ஒதுக்கீடு அந்தக் கட்டடத்தில் நாங்கள் முன்பணம் கட்டுவதற்கு முன்பே நிரம்பிவிட்டதாக, கட்டடத்தைக் கட்டும் மேம்பாட்டாளரின் அலுவலகமே பிறகு எங்களிடம் ஒப்புக்கொண்டது.

ஒப்பந்தத்தில் "மேலும் இரு முறை தலா 30 ஆண்டு புதுப்பிக்கப்படும்" என்றொரு வரி இருப்பதை நீங்கள் பதிலாகச் சொல்லக்கூடும். அந்நாட்டுச் சிவில், வணிகச் சட்டத் தொகுப்பின் 540ஆம் பிரிவு குத்தகைக் காலத்தை 30 ஆண்டுக்கு மேல் அனுமதிப்பதில்லை. புதுப்பிப்பது பற்றிய அந்த வரி இன்றைய உரிமையாளர் கொடுக்கும் வாக்கு மட்டுமே. அவர் கட்டடத்தை வேறொருவருக்கு விற்றுவிட்டால் நாங்கள் யாரிடம் போய்க் கேட்பது? எனக்கு வயது 61. தனியாக வாரிசு விதி எழுதப்படாத குத்தகை, குத்தகைதாரரின் மறைவோடு முடிந்துவிடும் என்றும் வழக்கறிஞர் சொன்னார். எங்கள் ஒப்பந்தத்தில் அப்படியொரு விதி இல்லை.

இது முகவர் ஒருவரின் வாய்தவறு என்று நான் ஏற்கமாட்டேன். நவம்பரில் நீங்களே தந்த செலவுப் பட்டியலில் "பதிவுக் கட்டணம் 1.1 விழுக்காடு" என்று இருக்கிறது. தாய்லாந்து நில அலுவலகத்தில் உரிமை மாற்றக் கட்டணம் 2 விழுக்காடு. குத்தகைப் பதிவுக்குத்தான் 1 விழுக்காடும் முத்திரைத் தீர்வை 0.1 விழுக்காடும். ஆக, பட்டியலைத் தயாரித்தவருக்கு இது குத்தகை என்பது தெரிந்திருக்கிறது. விளம்பர ஏட்டை அச்சிட்டவருக்கு மட்டும் தெரியாமல் போனது எப்படி என்பதை விளக்க வேண்டியவர் நீங்கள்.

ஜூலையில் உங்கள் அலுவலகம் தொலைபேசியில் முன்வைத்த "5 விழுக்காடு தள்ளுபடி" எனக்கு வேண்டாம்; வேறு கட்டடத்தில் மாற்று வீடும் வேண்டாம். செலுத்திய 42,600 வெள்ளியும் முழுமையாகத் திருப்பித் தரப்பட வேண்டும். பணத்தின் பெரும்பகுதி மேம்பாட்டாளரிடம் போய்விட்டது என்பது உங்களுக்கும் அவர்களுக்கும் இடையிலான விவகாரம். நாங்கள் நம்பிக் கையெழுத்திட்டது உங்கள் மேசையில்.

இக்கடிதம் கிடைத்த 21 நாளுக்குள் பதில் வராவிட்டால், முகவரின் பதிவு எண்ணுடன் சொத்து முகவர் மன்றத்திலும், சிங்கப்பூர்ப் பயனீட்டாளர் சங்கத்திலும் புகார் அளிப்பேன். சிறு கோரிக்கை நடுவர் மன்றத்தின் உச்சவரம்பு, இரு தரப்பும் சம்மதித்தாலும் 30,000 வெள்ளிதான் என்பதை அறிவேன். ஆகையால் வழக்கறிஞரை ஏற்கெனவே அணுகியிருக்கிறேன்.

விளம்பர ஏட்டின் நான்காம் பக்கம், செலவுப் பட்டியல், பிப்ரவரி மின்னஞ்சல், பணம் செலுத்திய பற்றுச்சீட்டுகள் ஆகியவற்றின் நகல்களை இணைத்துள்ளேன். பதிலை எழுத்தில் மட்டுமே அனுப்பவும். தொலைபேசியில் சொல்லப்படும் எதையும் இனி நான் பதிலாகக் கொள்ளமாட்டேன்.

இப்படிக்கு,
(கையொப்பம்)
ஈசூன், சிங்கப்பூர்