ஊரைப் பார்த்து மறுக்கிறார்கள்

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

"உங்கட பக்கம் பில் கட்டுறது குறைவு அம்மா. நீங்க ரீலோட் போட்டுப் பாவிக்கிறதே நல்லம்."

மட்டக்களப்பு நகரில் ஒரு தொலைபேசி நிறுவனத்தின் கிளைக்குப் போஸ்ட்பெய்ட் இணைப்புக் கேட்டுப் போன எனக்குக் கிடைத்த பதில் இது. சொன்ன தம்பி மரியாதையாகத்தான் சொன்னார். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை, மேலே இருப்பவர்கள் சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர் சொல்லியிருப்பார். ஆனால் அந்தப் பேச்சை என்னால் விழுங்க முடியவில்லை ஐயா.

நான் வெறுங்கையோடு போகவில்லை. அடையாள அட்டை, என் பெயரிலேயே வருகிற மின்சார பில், வங்கிக் கணக்கு விபரம் எல்லாம் கொண்டுபோனேன். கிரிப் என்கிற கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையையும் வங்கியில் விண்ணப்பித்து எடுத்து வைத்திருந்தேன். எந்தக் கடனிலும் ஒரு தவணைகூடப் பிந்தவில்லை என்று அதில் இருக்கிறது. அந்தத் தாளை அவர் விரித்தும் பார்க்கவில்லை. கொக்கட்டிச்சோலை என்று விலாசத்தை அடித்தார், திரையைப் பார்த்தார், அந்தப் பதிலைச் சொன்னார். அவ்வளவுதான்.

கிரிப் எப்படி நடக்கிறது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. 1990ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது அது. யார் எவ்வளவு கடன் வாங்கினார், எப்படிக் கட்டினார் என்று பதிந்து வைப்பதுதான் அதன் வேலை. கொடுப்பதும் மறுப்பதும் கொடுக்கிறவர் கையில். கிரிப்பில் பெயர் கெட்டுவிடும் என்று எங்களை எத்தனை பேர் பயமுறுத்தியிருக்கிறார்கள்! அந்தப் பயத்தோடுதான் காலமெல்லாம் தவணை கட்டினோம். பெயரைக் கெடாமல் வைத்திருந்தவளுக்கு அதனால் என்ன கிடைத்தது?

எங்கள் பக்கம் பணம் கட்டாத பக்கம் என்று யார் தீர்மானித்தார்கள்? நுண்நிதிக் கடன்காரர்கள் இந்த ஊர்களுக்கு வந்தபோது எங்களிடம் பில்லும் கேட்கவில்லை, சம்பளச் சீட்டும் கேட்கவில்லை. வாசலுக்கே வந்து கொடுத்தார்கள், கிழமைக்குக் கிழமை வாசலுக்கே வந்து வாங்கினார்கள். குழுக் கடன் என்றால் ஒருத்தி கட்டாவிட்டால் மற்றவர்கள் சேர்ந்து கட்ட வேண்டும். என் குழுவில் ஒரு பிள்ளையின் புருஷன் படுக்கையில் விழுந்தபோது அவளுடைய பங்கையும் நாங்கள்தான் கட்டினோம். என் காப்பு அடகுக்குப் போனது அந்த நேரம்தான். 2018இல் அரசாங்கம் வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்களுடைய ஒரு இலட்சம் ரூபாய் வரையான கடன்களைத் தள்ளுபடி செய்தது. அது மூன்று மாதத்துக்கு மேல் கட்ட முடியாமல் போனவர்களுக்கு. அவர்களுக்குக் கிடைத்ததில் எனக்கு மனநிறைவுதான், அவர்கள் பட்ட பாட்டைக் கண்ணால் கண்டவள் நான். ஆனால் நகையை அடகு வைத்து ஒழுங்காகக் கட்டியவளை அப்போதும் ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை, இப்போதும் பார்க்கவில்லை. அடுத்தவளின் கடனையும் சேர்த்துக் கட்டிய பெண்கள் இருக்கிற ஊரைப் பார்த்து இப்படிச் சொல்லலாமா?

எனக்கு இந்த இணைப்பு ஆடம்பரத்துக்கு இல்லை. தயிர் வியாபாரம் செய்கிறேன். நகரத்துக் கடைகளும் காத்தான்குடிக் கடைகளும் எத்தனை சட்டி வேண்டும் என்று விடியமுன்னமே போனில்தான் சொல்லும். நான் திருப்பி எடுத்து விலை பேசவேண்டிய நேரத்தில் காசு முடிந்துவிடும். அந்த நேரத்தில் ரீலோட் போட எந்தக் கடை திறந்திருக்கும்? கடைக்காரர் வேறு ஆளிடம் வாங்கிவிடுவார், சட்டியில் உறைந்த தயிரை நான் என்ன செய்வது? 2024 ஜனவரியில் வற் வரியை 18 வீதமாக்கினார்கள். ரீலோட் போடுகிற நாங்களும் அந்த வரியைக் கட்டுகிறோம். அதை எடுக்கும்போது யாரும் எங்கள் விலாசத்தைக் கேட்டதில்லை.

வாவிக்கு மேற்கே இருக்கிற எங்கள் படுவான்கரைக்கு எது நேரத்துக்கு வந்திருக்கிறது? மண்முனைப் பாலம் 2014இல்தான் திறந்தார்கள். அதுவரை பிள்ளைத்தாச்சிகளும் நோயாளிகளும் துறையில் பாதை என்கிற மிதவைப் படகுக்காகக் காத்து நின்றார்கள். வெளிநாட்டில் இருந்த என் புருஷனோடு நாலு வார்த்தை பேச, பாதை ஏறி அக்கரைக்குப் போய், கொமினிகேஷன் கடையில் நிமிடத்துக்கு எண்ணிக் காசு கொடுத்தேன். கடன் கேட்டு வங்கிக்குப் போனால் அரசாங்கம் அனுமதிப்பத்திரத்தில் கொடுத்த பேமிட் காணியை ஈடாக எடுக்கமாட்டோம், உறுதிப் பத்திரம் கொண்டுவா என்பார்கள். இங்கே எத்தனை குடும்பத்திடம் உறுதிக் காணி இருக்கிறது என்பது தங்கள் நிருபர்களுக்கும் தெரியும். மாடு வைத்திருப்பவர்கள் மயிலத்தமடுவில் மேய்ச்சல் தரைக்குப் படுகிற பாட்டைத் தங்கள் பத்திரிகையிலேயே வாசிக்கிறோம். பால் குறைந்தால் என் சட்டியும் குறையும். இதெல்லாம் தொலைபேசி நிறுவனத்தின் குற்றம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் எல்லா இடத்திலும் கடைசி வரிசையில் நின்றவர்களை, நீங்கள் நம்பிக்கைக்கு உரியவர்கள் இல்லை என்றும் சொல்லும்போது மனது தாங்குதில்லை.

முற்பணம் வைக்கச் சொல்லியிருந்தால் வைத்திருப்பேன். முதலில் குறைந்த பெக்கேஜ் தருகிறோம், ஆறு மாதம் பார்ப்போம் என்றிருந்தாலும் சரி என்றிருப்பேன். அப்படி ஒன்றும் கேட்கவே இல்லை.

நான் கேட்பது பெரிய காரியம் இல்லை. ஒரு இணைப்பை மறுத்தால் ஏன் மறுத்தோம் என்பதைத் தமிழில், எழுத்தில், விண்ணப்பித்தவரின் கையில் கொடுக்க வேண்டும். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழு எல்லா நிறுவனங்களுக்கும் இதைக் கட்டாயமாக்கலாம். தங்கள் பத்திரிகை இதை அவர்களிடம் கேட்டு, அவர்கள் சொல்லும் பதிலைப் பிரசுரித்தால் பெரிய உதவியாக இருக்கும்.

இப்படிக்கு,
தயிர் வியாபாரம் செய்யும் வாசகி,
கொக்கட்டிச்சோலை.