உதவியாளருக்கு ஆகும் செலவு: பாளையங்கோட்டை நண்பனுக்கு ஒரு கடிதம்

கணபதி, கோயம்புத்தூர்.

அன்புள்ள நண்பனுக்கு,

நலம். நீயும் அம்மாவும் குழந்தைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். உன் கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. காலை பேட்ச் முடிந்து எல்லோரும் போன பிறகு, பெஞ்சில் உட்கார்ந்து இரண்டு முறை படித்தேன். உன் உடற்பயிற்சிக்கூடம் நிறைந்துவிட்டது என்பதும், துபாயிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம்மவர்களுக்கு ஜூமில் நீ நடத்தும் வகுப்பில் நாற்பது பேர் சேர்ந்துவிட்டார்கள் என்பதும் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால், பயிற்சி கொடுக்கும் நேரத்தைவிட போனில் பதில் சொல்லும் நேரம் அதிகமாகிவிட்டது, இரவு பதினொன்றரைக்கும் வாட்ஸாப்பைப் பார்த்துக்கொண்டிருக்கிறேன் என்று நீ எழுதியதைப் படித்தபோது இரண்டு ஆண்டுகளுக்கு முந்தைய என் நிலைதான் கண்முன் வந்தது.

வர்ச்சுவல் அசிஸ்டென்ட், அதாவது தொலைவிலிருந்தே நமக்காகச் செய்திகளுக்குப் பதில் சொல்லும் உதவியாளரை அனுப்பித் தரும் ஒரு நிறுவனம் உன்னிடம் மாதம் 35,000 ரூபாயும் ஜி.எஸ்.டி.யும் கேட்டிருக்கிறது, இது நியாயமான விலைதானா என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. நிறுவனத்தின் மூலம் ஆள் வைப்பது, நேரடியாக ஆள் வைப்பது என்ற இரண்டு வழிகளிலும் நான் போய்ப் பார்த்தவன். என் கணக்கை உள்ளது உள்ளபடி எழுதுகிறேன், நீ உன் கணக்கோடு வைத்துப் பார்.

ஆள் வைப்பதற்கு முந்தைய மாதம் ஒரு காரியம் செய்தேன். ரிசப்ஷன் மேஜையில் ஒரு நாற்பது பக்க நோட்டை வைத்து, விசாரித்து வந்த ஒவ்வொரு செய்தியையும் அது வந்த நேரத்தோடு எழுதினேன். அந்த மாதம் 64 பேர் விசாரித்திருந்தார்கள். அவர்களில் 41 பேர் கேட்டது, நான் தளத்தில் நின்று ஒருவருடைய ஸ்குவாட்டைத் திருத்திக்கொண்டிருக்கும் காலை ஐந்தரை முதல் எட்டரை வரையிலான நேரத்தில், அல்லது மாலை ஆறு மணிக்கு மேல். அன்றே நான் பதில் சொன்னது 27 பேருக்கு மட்டும். சேர்ந்தவர்கள் ஆறு பேர். ஜிம்முக்குப் போக வேண்டும் என்ற எண்ணம் ஒருவருக்கு எழுவது பெரும்பாலும் இரவு சாப்பாட்டுக்குப் பிறகுதான். அப்போது பதில் வராவிட்டால், மறுநாள் காலையில் அந்த எண்ணம் பாதியாகக் குறைந்திருக்கும். இதை நான் அந்த நோட்டைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

முதலில் நானும் ஒரு நிறுவனத்தின் வழியாகத்தான் ஆள் வைத்தேன். மாதம் நூறு மணி நேர வேலைக்கு 28,000 ரூபாய், அதற்கு மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி., ஆக 33,040 ரூபாய். ஐந்து மாதத்தில் மூன்று பேர் மாறினார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். என்னிடம் வாங்கிய 28,000 ரூபாயில் தன் கைக்கு வருவது 14,000 என்று மூன்றாவதாக வந்த தம்பி ஒருநாள் பேச்சுவாக்கில் சொன்னார். அந்தச் சம்பளத்துக்கு ஒரே நேரத்தில் நான்கு வாடிக்கையாளர்களைக் கவனிக்கும் ஒருவர், என் கூடத்தில் மூட்டுவலிக்காரர் யார், போட்டிக்குத் தயாராகிறவர் யார் என்று எப்படி நினைவில் வைத்திருப்பார்?

ஒரு சம்பவத்தை மட்டும் சொல்கிறேன். ஒருநாள் இரவு 9.47க்கு ஒரு பெண்மணி எழுதியிருந்தார்: சிசேரியன் ஆகி ஐந்து மாதம் ஆகிறது, முதுகு வலிக்கிறது, உடற்பயிற்சி தொடங்கலாமா என்று. மூன்றாவது நிமிடத்திலேயே எங்கள் எண்ணிலிருந்து பதில் போயிருக்கிறது. பதில் என்ன தெரியுமா? புத்தாண்டுச் சலுகையின் படம், அதன் கீழே, ‘இன்றே சேருங்கள், ஒரு மாதம் இலவசம்’. மறுநாள் காலையில்தான் நான் அதைப் பார்த்தேன். நானே அழைத்து மன்னிப்புக் கேட்டேன். அவர் மரியாதையாகத்தான் பேசினார், ஆனால் வரவில்லை. வேகமான பதிலுக்குத்தான் நான் பணம் கொடுத்துக்கொண்டிருந்தேன். அந்த வேகம் அன்று எனக்கு வெட்கத்தைத்தான் தந்தது. அந்த மாதத்தோடு அந்த நிறுவனத்தின் சேவையை நிறுத்திவிட்டேன்.

இப்போது எனக்கு உதவியாக இருப்பவர் உடுமலைப்பேட்டையில், தம் வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறார். பி.காம். படித்து, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தவர்; குழந்தை பிறந்த பிறகு தினமும் பஸ்ஸில் போய்வர முடியாமல் வேலையை விட்டிருந்தார். மதியம் இரண்டு மணி நேரம், இரவு எட்டரை முதல் பத்தரை வரை இரண்டு மணி நேரம், மாதம் 26 நாள். 104 மணி நேரத்துக்கு 15,000 ரூபாய் கொடுக்கிறேன். ஒரு மணிக்கு 144 ரூபாய் சொச்சம் ஆகிறது.

இந்த 15,000 ரூபாயோடு செலவு முடிந்துவிடும் என்று நீ எண்ணிவிடக் கூடாது என்பதற்காகத்தான் இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். தீபாவளிக்கு ஒரு மாதச் சம்பளம் போனஸ் கொடுக்கிறேன். அதைப் பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 1,250. பழைய லேப்டாப் ஒன்றை 22,000 ரூபாய்க்கு வாங்கிக் கொடுத்தேன்; இரண்டு ஆண்டு உழைக்கும் என்று வைத்தால் மாதம் ஏறக்குறைய 920. இன்டர்நெட் ரீசார்ஜ் 350. போஸ்டர் வடிவமைக்கும் செயலிக்கும் கோப்புகளைச் சேமித்து வைக்கும் இடத்துக்கும் சேர்த்து 800. ஆக மொத்தம் 18,320 ரூபாய்.

இதிலும் பெரிய செலவு ஒன்று இருக்கிறது; அதற்கு யாரும் பில் கொடுப்பதில்லை. அது நம்முடைய நேரம். அவருக்கு வேலை கற்றுக்கொடுக்க முதல் மாதம் 30 மணி நேரமும், இரண்டாம் மாதம் 15 மணி நேரமும், மூன்றாம் மாதம் 6 மணி நேரமும் செலவிட்டேன். என்னிடம் பெர்சனல் டிரெய்னிங் எடுப்பவர்கள் ஒரு மணிக்கு 400 ரூபாய் கொடுக்கிறார்கள். அந்தக் கணக்கில் 51 மணி நேரம் என்பது 20,400 ரூபாய். ஓர் ஆண்டுக்குப் பரப்பினால் மாதம் 1,700. அப்படிப் பார்த்தால் உண்மையான செலவு மாதம் 20,020 ரூபாய். அதே கணக்கை அந்த நிறுவனத்துக்கும் போட்டுப் பார்த்தேன். வந்த மூவருக்கும் முதல் மாதப் பாடத்தை, 30 மணி நேரம் வீதம், முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. அது 36,000 ரூபாய். ஐந்து மாதத்துக்குப் பகிர்ந்தால் மாதம் 7,200. மொத்தம் 40,240. ஆள் அடிக்கடி மாறுவதுதான் இந்த வேலையில் மிகப் பெரிய செலவு என்று நான் சொல்வது இதை வைத்துத்தான். சம்பளத்தில் இரண்டாயிரம் மூவாயிரம் குறைத்து நாம் மிச்சம் பிடிப்பது, அந்த ஆள் ஆறு மாதத்தில் போய்விட்டால் மொத்தமாகக் கைவிட்டுப் போய்விடுகிறது.

வரவையும் சொல்ல வேண்டும் அல்லவா? அவர் வந்த நான்காம் மாதம் விசாரித்தவர்கள் 58 பேர், சேர்ந்தவர்கள் 11 பேர். முன்பைவிட ஐந்து பேர் கூடுதல். மூன்று மாதச் சந்தா 3,300 வீதம் 16,500 ரூபாய். போனிலிருந்து விடுபட்ட நேரத்தில் மேலும் இரண்டு பேருக்குப் பெர்சனல் டிரெய்னிங் எடுத்துக்கொண்டேன். சந்தா பாக்கியும் பெருமளவு குறைந்துவிட்டது. பாக்கியைக் கேட்பதில் எனக்கு எப்போதும் இருந்த தயக்கம் அவருக்கு இல்லை. சந்தா முடிவதற்கு ஐந்து நாள் முன்பே, பெயர் சொல்லி, கனிவாக ஒரு வரி எழுதிவிடுகிறார்.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். 35,000 ரூபாய்க்கு 18 சதவீதம் சேர்த்தால் 41,300. அந்த 6,300 ரூபாயை வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்று நீ எழுதியிருக்கிறாய். முன்பு அது சரி. 2025 செப்டம்பர் 22 முதல் ஜிம், யோகா நிலையங்களுக்கான ஜி.எஸ்.டி. 18 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டபோது, உள்ளீட்டு வரியை, அதாவது நாம் வாங்கும் பொருளுக்கும் சேவைக்கும் கட்டிய வரியை, கழித்துக்கொள்ளும் வசதியையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். ஆகவே கூடத்துக்காக நீ வாங்கும் எந்தச் சேவையின் வரியும் இனி உன் கைப்பணம்தான். உன் ஆடிட்டரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்; ஆனால் 35,000 என்று நினைத்து முடிவெடுத்துவிடாதே. நேரடியாக ஒருவரை வைத்தால் இந்த வரி வராது.

அடுத்து, நேரம். முழுநாள் ஆள் உனக்குத் தேவையே இல்லை என்பது என் எண்ணம். துபாய் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் பின்தங்கியிருக்கிறது. அங்கே இரவு எட்டு மணிக்கு வேலை முடிந்து வந்து ஒருவர் செய்தி அனுப்பினால் உனக்கு ஒன்பதரை. சிங்கப்பூர் இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. அவர்கள் காலை ஆறு மணிக்கு வகுப்பு இணைப்பு வரவில்லை என்று தேடினால் உனக்கு விடியற்காலை மூன்றரை. அந்த நேரத்தில் விழித்திருக்க யாரையும் வேலைக்கு வைக்காதே; முந்தைய நாள் மாலையே இணைப்பையும் பணம் கட்டும் விவரத்தையும் அனுப்பிவிட ஏற்பாடு செய்துவிட்டால் போதும். மாலை இரண்டு மணி நேரம், இரவு ஒன்றரை மணி நேரம் என்று பிரித்துப் பார்த்தால் மாதம் ஏறக்குறைய 90 மணி நேரத்தில் உன் வேலை அடங்கிவிடும். மணிக்கு 150 ரூபாய் என்றாலும் 13,500 தான்.

நீ இணையத்தில் படித்ததாகச் சொன்ன டாலர் விலைகளை ஒதுக்கிவை. அவை அமெரிக்கப் பயிற்சியாளர்கள் பிலிப்பைன்ஸிலிருந்தும் நம் நாட்டிலிருந்தும் ஆள் எடுப்பதற்கான கணக்கு. அவர்கள் வாங்கும் கட்டணத்துக்கும் நாம் வாங்கும் கட்டணத்துக்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. ஆனாலும் அவர்களிடமிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்று உண்டு. பிலிப்பைன்ஸில் 1975 முதல் ஊழியர்களுக்குப் பதின்மூன்றாம் மாதச் சம்பளம் சட்டப்படி கொடுக்கப்படுகிறது; அந்நாட்டு உதவியாளர்கள் பலர் வெளிநாட்டு முதலாளியிடமும் அதை எதிர்பார்க்கிறார்கள். வீட்டிலிருந்து வேலை செய்பவர் என்பதற்காக நம் ஆளுக்குத் தீபாவளிச் சம்பளத்தை மறுக்க எனக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. முதல் நாளே அதைச் செலவில் சேர்த்துவிடு.

வேலையை எப்படிப் பிரித்துக் கொடுத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் செலவு வீணாவதும் விளைவதும் அங்கேதான். வாட்ஸாப் பிசினஸில் நம் போனோடு நான்கு கருவிகள் வரை இணைக்கலாம். அதனால் சிம் என்னிடமே இருக்கிறது, அவர் லேப்டாப்பிலிருந்து பதில் எழுதுகிறார். பணம் க்யூஆர் வழியாக என் கணக்குக்கு வருகிறது. வந்ததா என்று அவர் பார்த்துக் குறித்துக்கொள்வார், எடுக்க முடியாது. அந்தச் செயலியில் லேபிள் போடும் வசதி இருக்கிறதே, அதில் சிவப்பு ஒன்றை எனக்காக ஒதுக்கியிருக்கிறோம். அறுவை சிகிச்சை, பிரசவம், ரத்த அழுத்தம், சர்க்கரை, நெஞ்சு படபடப்பு, எந்த வலியானாலும் சரி, இவற்றில் எந்தச் சொல்லாவது ஒரு செய்தியில் இருந்தால் அவர் பதில் சொல்லக் கூடாது. ‘மாஸ்டரே உங்களை அழைப்பார்’ என்று மட்டும் எழுதிச் சிவப்பு லேபிள் போட வேண்டும். காலை பேட்ச் முடிந்ததும் நான் முதலில் பார்ப்பது அந்தச் சிவப்பைத்தான். சென்ற மாதம் பன்னிரண்டு இருந்தன, பன்னிரண்டு பேரிடமும் நானே பேசினேன்.

உறுப்பினர்களின் எடை, மருந்து விவரம், பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடுத்த படங்கள் ஆகியவற்றை யார் பார்க்கலாம் என்பதிலும் கவனமாக இரு. 2023இல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்திருக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நம்மை நம்பிக் கொடுத்தவை அவை. உடல்நிலை விவரங்களை நான் தனி நோட்டில் வைத்துக்கொண்டு, பெயர், பேட்ச், சந்தா முடியும் தேதி இவற்றை மட்டும் அவருக்குக் கொடுத்திருக்கிறேன்.

அந்த நிறுவனத்துக்கு இன்னும் இரண்டு வாரம் பதில் சொல்லாதே. அந்த இரண்டு வாரமும் என்னைப் போல ஒரு நோட்டுப் போட்டு, வரும் செய்தியையும் நேரத்தையும் எழுதிவை. எவற்றுக்கு நீயே பதில் சொல்ல வேண்டும் என்று பக்கத்தில் ஒரு குறி போடு. பிறகு அதைப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. எத்தனை மணி நேரத்துக்கு ஆள் வேண்டும் என்று இருவருமாகப் பார்த்துவிடலாம். உன் ஊரிலேயே, உன் வகுப்புக்கு வந்து பழகிய பெண்களில் யாராவது இந்த வேலைக்கு ஒத்துவருவார்களா என்று அதற்குள் விசாரித்துவை. பயிற்சி செய்து அனுபவம் உள்ளவருக்குச் சொல்லிக்கொடுப்பது பாதி வேலை.

எங்கள் உதவியாளர் எழுதிவைத்திருக்கும் பதில் மாதிரிகளையும், சிவப்பு லேபிள் சொற்களின் பட்டியலையும் அவர் அனுமதியோடு படி எடுத்து இந்தக் கடிதத்தோடு வைத்திருக்கிறேன். ‘முதுகு’ என்ற சொல்லின் பக்கத்தில் இருக்கும் இரட்டைக் கோடு நான் போட்டது.

அம்மாவுக்கு என் வணக்கங்கள். முழங்கால் வலிக்கு நீ கற்றுக்கொடுத்த பயிற்சியை அவர் விடாமல் செய்கிறாரா என்று அடுத்த கடிதத்தில் எழுது.

என்றும் அன்புடன்,
நந்தனம் ஒய்.எம்.சி.ஏ. விடுதியின் உன் பழைய அறைத்தோழன்