கெப்ளரின் எட்டு கலை

அன்புள்ள கண்ணுக்கு,

"நம்பிக்கைன்னு ஒண்ணு வந்துட்டா மூளை வேலை செய்யாதுப்பா" என்று போன வாரம் போனில் சொன்னாய். அதை ஸ்டுட்கார்ட்டில் இருந்துகொண்டு சொன்னதால் எனக்கு வானியலாளர் கெப்ளர் ஞாபகம் வந்தார். அங்கிருந்து எஸ்6 ரயில் ஏறினால் கடைசி நிறுத்தம் வைல் டெர் ஷ்டாட். 1571இல் அவர் பிறந்த ஊர்.

போதகராக வேண்டும் என்றுதான் அவர் டூபிங்கனில் படித்தார். ஜாதகமும் கணித்தவர். கடவுள் வடிவியல் தெரிந்தவர், அதனால் கோள்களின் இடைவெளிக்கும் ஓர் ஒழுங்கு இருந்தே தீரும் என்று நம்பினார். அன்று தெரிந்த கோள்கள் ஆறு, நடுவே இடைவெளிகள் ஐந்து. கனசதுரம் போல எல்லா முகங்களும் ஒரே மாதிரி இருக்கும் ஒழுங்கான திண்ம வடிவங்களும் ஐந்தே, இடைவெளிக்கு ஒன்று! 1596இல் இதைப் புத்தகமாகவே போட்டார். எவ்வளவு அழகான கற்பனை! ஆனால் தவறு. இருந்தும் அந்தக் கற்பனைதான், துல்லியமான அளவுகளைத் தேடி அவரைப் பிராகாவுக்கு, கோள்களின் இடங்களை அளந்து வைத்திருந்த வானியலாளர் டைக்கோ பிராஹேயிடம் அனுப்பியது.

அங்கே செவ்வாயின் பாதையை வருடக்கணக்கில் கணக்குப் போட்டார். பழைய வழியில் வட்டம் போட்டால், டைக்கோவின் அளவோடு எட்டு கலை உதைத்தது. கலை என்றால் ஒரு பாகையில் அறுபதில் ஒரு பங்கு. எட்டு கலை என்பது முழுநிலாவின் அகலத்தில் கால்வாசிதான். டைக்கோ தொலைநோக்கி இல்லாமல் வெறும் கண்ணால் அளந்தவர். வேறு யாராக இருந்தாலும் அளவில் பிழை என்று தள்ளியிருப்பார்கள். கெப்ளரோ, டைக்கோ போன்ற ஒருவரைத் தந்தது கடவுளின் கருணை, அந்த வரத்தை வீணாக்கக்கூடாது என்று எழுதினார். இரண்டாயிரம் வருடம் எல்லோரும் கும்பிட்ட வட்டத்தைக் கைவிட்டார். செவ்வாயின் பாதை நீள்வட்டம் என்ற அவருடைய முடிவு 1609இல் வெளிவந்தது. அவருடைய பக்திதான் அந்த எட்டு கலையை விடாமல் பிடித்துக்கொண்டது என்பது என் எண்ணம்.

நீ சொல்வதற்கும் சாட்சி அதே குடும்பத்தில் உண்டு. அவருடைய அம்மா காதரீனா லியோன்பெர்க்கில் இருந்தார். அவர் கொடுத்த பானத்தால் நோய் வந்தது என்று ஒருத்தி சொன்னாள். சூனியக்காரி என்று ஊரே பேசியது. 1620இல் கைது. வயதான அந்தப் பெண்ணைச் சங்கிலியில் கட்டி, ஒரு வருடத்துக்கு மேல் அடைத்து வைத்தார்கள். சித்திரவதைக் கருவிகளைக் காட்டி மிரட்டினார்கள். கெப்ளர் லின்ஸிலிருந்து ஓடிவந்து, இந்த நோய்களுக்கு இயற்கையான காரணங்கள் உண்டு என்று ஒவ்வொரு குற்றச்சாட்டாக மறுத்து எழுதினார். 1621இல் விடுதலை. மறுவருடமே அம்மா போய்விட்டார்.

இதில் என்னை உலுக்குவது வேறொன்று. நிலாவிலிருந்து பார்த்தால் பூமி எப்படித் தெரியும் என்று கெப்ளர் ஒரு கதை எழுதியிருந்தார். பூமி சுழல்வதை ஜனங்கள் உணரட்டும் என்பதற்காக. அதில் நாயகனின் தாய் ஆவியை அழைப்பவள். கைமாறிப் போன அந்தப் பிரதிதான் அம்மாவைப் பற்றிய வதந்திக்குத் தீனி போட்டதோ என்று பின்னாளில் அவரே வருந்தினார்.

அவரும் நம்பினார், அம்மாவைக் கட்டிப்போட்டவர்களும் நம்பினார்கள். அளவு எதிராக வந்தபோது யார் மாறினார்கள் என்று பார், கண்ணு. நான் பார்ப்பது அதைத்தான்.

ஒரு சனிக்கிழமை போய்விட்டு வா. அவர் பிறந்த வீடு இப்போது அருங்காட்சியகம். வழியில்தான் லியோன்பெர்க், அங்கேயும் இறங்கு. அப்புறம் உனக்கு என்ன தோன்றியது என்று எழுது. என்னோடு ஒத்துப்போக வேண்டியதில்லை, நீளமாக எழுதினால் போதும்.

அன்புடன்,
அப்பா