ரெகார்டு நோட்டில் பழகியது பட்டறைக்கும் வருகிறது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். படித்து முடித்து வரும் பிள்ளைகளுக்கு வேலை பார்க்கும் பழக்கமே இல்லை, கல்லூரியில் அதற்கென்று தனி வகுப்பு வைக்க வேண்டும் என்று போன வாரம் உங்கள் இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். நான் கோவை கணபதியில் ஒரு சிஎன்சி (கணினி வைத்து ஓடும் கடைசல் மெஷின்) பட்டறையில் மேற்பார்வையாளர். டிப்ளமோ, ஐடிஐ, சில சமயம் பி.இ. முடித்தவர்கள் என்று புதிதாக யார் வந்தாலும் முதலில் என்னிடம்தான் விடுவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், கட்டுரை பாதிதான் சரி. பழக்கம் எதுவும் இல்லாமல் யாரும் வருவதில்லை. நன்றாகப் பழகித்தான் வருகிறார்கள், பழகி வந்ததுதான் தப்பு.

ஒன்றைச் சொன்னால் புரியும். பம்புக்குப் போகிற ஷாப்டை, அதாவது சுழலும் தண்டை, மெஷினில் கடையும்போது மணிக்கு ஒரு தடவை சில ஜாப்களை (கடைந்து முடித்த தண்டுகளை) எடுத்து மைக்ரோமீட்டரில் அளந்து ஷீட்டில் எழுத வேண்டும். டூல் முனை தேயத் தேய விட்டம் மெல்ல ஏறும், அந்த எண்களைப் பார்த்துத்தான் எப்போது ஆஃப்செட் கொடுத்து (தேய்ந்த அளவுக்கு மெஷினில் திருத்தம் போட்டு) சரிசெய்வது, எப்போது டூலின் வெட்டும் முனையான இன்செர்ட்டைத் திருப்பிப் போடுவது என்று முடிவு செய்வோம். புதிதாக வந்த ஒரு தம்பி, தங்கமான பையன், ஷிப்டுக்குப் பத்து நிமிடம் முன்னாலேயே வந்துவிடுவான், சொன்ன வேலைக்கு முகம் சுளிக்க மாட்டான். ஒருநாள் பதினொரு மணிக்கு அவனுடைய ஷீட்டை எடுத்துப் பார்த்தால் ஒரு மணி வரைக்கும் நிரம்பியிருக்கிறது! 24.98, 24.99, 24.98 என்று முத்து முத்தான கையெழுத்து. "என்ன தம்பி இது?" என்றேன். அவன் பயப்படவும் இல்லை, மழுப்பவும் இல்லை. "எப்படியும் இதே அளவுதானுங்களே சார் வரும்" என்றான். லாட்டைப் பிரித்து அளந்ததில் கடைசியாக ஓடியவை மேல் அளவைத் தாண்டிப் போயிருந்தன. அவற்றைத் திரும்பக் கடைந்து சரிசெய்யலாம், அது பெரிய விஷயமில்லை. பொய் எழுதினோம் என்பதே அவனுக்குத் தோன்றவில்லை, அதுதான் என்னை உறுத்தியது.

எப்படித் தோன்றும்? பள்ளியில் தனி ஊசல் சோதனை செய்த எல்லோருக்கும் தெரியும், புவியீர்ப்பு முடுக்கம் 9.8 என்று விடை வர வேண்டும், வரவில்லை என்றால் கணக்கைப் பின்னாலிருந்து போட்டு நேரத்தைத் திருத்திக்கொள்ள வேண்டியதுதான். அப்புறம் பாலிடெக்னிக்கில் அளவியல் லேப். வருடா வருடம் அளக்கக் கொடுக்கும் இரும்புத் துண்டு அதே பீஸ், அதே வெர்னியர், சோதனை அளவுகளை எழுதிய சீனியரின் ரெகார்டு நோட்டு கைக்குக் கை மாறி வருகிறது. நிஜமாகவே அளந்து வேறு எண் எழுதியவனுக்குத்தான் "போய்த் திருத்திக்கொண்டு வா" என்று திட்டு விழும். பார்த்து எழுதியவனுக்குச் சிவப்பு மையில் டிக். ஆசிரியர்களை மட்டும் குறை சொல்லவில்லை, ஒரு வகுப்பு முழுக்க ரெகார்டுகளை ஒரே நாளில் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டியவர் வேறு என்ன செய்வார்.

வருகைப் பதிவும் இந்த ரகம்தான். 75 சதவீதம் வேண்டும் என்பார்கள், குறைந்தால் ஒரு மருத்துவச் சான்றிதழ், பல கல்லூரிகளில் கூடவே ஒரு கட்டணம், முடிந்தது கதை. அப்படி வந்தவன் இரண்டு நாள் காணாமல் போய்விட்டு மூன்றாம் நாள் காலையில் "சார் பீவர்" என்று வாட்ஸ்அப் அனுப்பினால் நமக்குக் கோபம் வருகிறது. வர முடியாது என்று முந்தின நாள் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்த மெஷினுக்கு வேறு ஆளைப் போட்டிருக்கலாமே என்று நாம் நினைக்கிறோம். அவன் இருந்த இடத்தில் யாரும் அவனை நம்பி ஒரு மெஷினை நிறுத்தி வைக்கவில்லை, அவன் வந்தாலும் வராவிட்டாலும் மணி அடித்தது.

இதையெல்லாம் விட்டுவிட்டு, வேலைக்குத் தயார் செய்கிறோம் என்று கல்லூரிகள் நடத்தும் வகுப்பில் டை கட்டிக்கொண்டு ஆங்கிலத்தில் சுய அறிமுகம் சொல்ல வைக்கிறார்கள். உன் பலவீனம் என்ன என்று கேட்டால் "நான் ரொம்பக் கடினமாக உழைப்பேன், அதுதான் சார்" என்று எல்லோரும் ஒரே பதிலை ஒப்பிக்கிறார்கள். அதுவும் ரெகார்டு நோட்டுதான்! மாணவர்களுக்குத் திறன் பயிற்சி தர 2022 மார்ச்சில் தமிழக அரசு தொடங்கிய நான் முதல்வன் திட்டம் நல்ல திட்டம், ஏழை வீட்டுப் பிள்ளைகள் காசு கொடுத்துப் படிக்க முடியாததை அதில் படிக்கிறார்கள். ஆனால் லேபில் பொய் எண்ணுக்கு மார்க் விழுகிற வரைக்கும் அதன் மேல் எந்தப் பயிற்சியை வைத்தும் பெரிதாகப் பயனில்லை என்பது என் கருத்து.

எங்கள் ஊருக்கு இது புதுப் பேச்சும் இல்லை. 1945-இல் இங்கே பாலிடெக்னிக் தொடங்கிய ஜி.டி. நாயுடு, இரண்டு வருடத்தில் சொல்லித்தரக்கூடியதை நான்கு வருடம் இழுப்பானேன் என்று அரசோடு மல்லுக்கட்டி, அவர்கள் ஒத்துக்கொள்ளாததால் பொறுப்பை விட்டே விலகினார். பீளமேட்டில் 1951-இல் பி.எஸ்.ஜி. பொறியியல் கல்லூரி வரும்போது பக்கத்திலேயே பம்பு, மோட்டார் செய்கிற தொழிற்கூடம் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது. விற்பனைக்குப் போகும் பொருளைத் தொடுகிற பையனுக்கு அளவில் பொய் எழுதக் கை வராது, வாங்கியவன் திருப்பி அனுப்புவான்.

முதலாளிகள் பக்கமும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நியாயமாகாது. 30 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் நிறுவனம் மொத்த ஆட்களில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ் (தொழில் பழகுநர்) எடுத்தே ஆக வேண்டும் என்று விதி இருக்கிறது. எடுக்கிறார்கள், எடுத்து என்ன செய்கிறார்கள்? பல இடங்களில் மாதக்கணக்கில் மெஷினில் விழும் இரும்புச் சீவலை அள்ளவும் டீ வாங்கவும் விட்டுவிட்டு, சம்பளத்தில் மிச்சம் பிடித்துக்கொள்கிறார்கள். ஷிப்ட் மாறும்போது எந்த மெஷினில் என்ன கோளாறு என்று எழுதி வைக்கும் வழக்கம் மூத்த ஆட்களிடமே இல்லாத பட்டறையில், புதுப் பையன் எதைப் பார்த்துக் கற்பான்? ஜாப் வீணாகிவிட்டது என்று ஓடி வந்து சொன்னவனை எல்லோர் முன்னாலும் கத்தினால், அடுத்த தடவை அவன் அதைத் தொட்டிக்கு அடியில் ஒளித்துத்தான் வைப்பான்.

தனிப் பாடத்திட்டம் எல்லாம் வேண்டாம். லேபில் அளந்த எண் எதுவாக இருந்தாலும் அதற்கு மார்க் போடட்டும், ஏன் மாறி வந்தது என்று இரண்டு வரி எழுதியவனுக்குக் கூடுதலாகப் போடட்டும். எல்லோருக்கும் ஒரே பீஸைக் கொடுப்பதை நிறுத்தட்டும். பீஸ் இல்லை என்பார்கள். எங்களைப் போன்ற பட்டறைகளில் அளவு தவறி, சரிசெய்யவே முடியாமல் கழித்த ஷாப்டும் புஷ்ஷும் எடைக்குத்தான் போகின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, எந்தச் சீனியரின் ரெகார்டிலும் இருக்காது. எங்கள் முதலாளியிடம் கேட்டுவிட்டேன், பக்கத்தில் இருக்கும் எந்த பாலிடெக்னிக், ஐடிஐ கேட்டாலும் ஒரு மூட்டை காசில்லாமல் தரத் தயார் என்கிறார். வண்டி மட்டும் அவர்கள் கொண்டுவர வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு சிஎன்சி பட்டறை மேற்பார்வையாளர்,
கணபதி, கோவை.